அத்தை காரம் விட்ட வருஷம்

நம் வயதுக்காரர்கள் யாராவது பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன் என்றால், "இன்னும் எத்தனை பாக்கி?" என்றுதான் கேட்போம். நானும் அப்படிக் கேட்டுக் கேலி செய்தவள்தான். போன வாரம் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதே என்று தென்னூரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். அவர் பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை விட்டுவிட்டு இடது கன்னத்தின் உட்புறத்திலேயே வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வெள்ளை எத்தனை நாளாம்மா இருக்கு?"

"எந்த வெள்ளை?" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. நம் வாய்க்குள் நாமே எட்டிப் பார்க்கிறோமா என்ன.

பஞ்சை வைத்துத் துடைத்துப் பார்த்தார். வரவில்லை. "வெத்தலை பாக்கு போடுவீங்களா?" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும், புகையிலை கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். "பாக்கு மட்டுமே போதும்மா" என்றார். பிறகு வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து, நெட்டுக்குத்தலாக என் வாய்க்குள் நானே வைத்துப் பார்க்கச் சொன்னார். இறுக்கமாகத்தான் போயிற்று, ஆனால் போயிற்று.

"வாய்ல வர்ற வெள்ளை எல்லாமே கேன்சர் ஆகாதும்மா. நிறைய அப்படியே இருக்கும், பாக்கை விட்டா சிலது மறையக்கூட செய்யும். சிலது மட்டும் உள்ளுக்குள்ள மாறிக்கிட்டே போகும். எது மாறும்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. அதான் துளி எடுத்து அனுப்பறோம்."

ஊசி போட்டு, உளுத்தம்பருப்பில் பாதி அளவுக்கு ஒரு துண்டு எடுத்தார். முடிவு வர நாளாகும் என்றார். பஞ்சைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருந்தது. பயமாக இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். பயம் வரவில்லை, அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. அத்தை மட்டும் வந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான சில வருஷங்களிலேயே வடக்கே வேலைக்குப் போன மாமா அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதனால் அத்தை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய், கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சர் வேலை பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் புடவையில் புதுத் துணியின் கஞ்சி வாசனையும் பன்னீர்ப் புகையிலை வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் எனக்குப் பாதி வாசனைதான் வந்த மாதிரி இருக்கும்.

அத்தையின் வெற்றிலைப் பெட்டி பித்தளை. அதில் சுண்ணாம்புக்கென்று சங்கிலி கோத்த சின்ன டப்பி ஒன்று உண்டு. மூடியைத் திறந்து மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. டப்பி எந்த வீடு மாறும்போது போயிற்றோ தெரியவில்லை.

புருஷன் விட்டுப்போன பெண்ணுக்குத் தாம்பூலம் என்ன கேடா என்று சொந்தத்தில் யாரோ ஒரு தடவை கேட்டுவிட்டார்கள். அத்தை வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே, "அந்த ஆளு இருக்கற வரைக்கும் இது எனக்கு உண்டு. அவரு போய்ச் சேரட்டும், அப்ப வந்து பிடுங்கிக்கங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் வெற்றிலையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமா அவளுக்குக் கொடுத்த ஒரே சொத்து அந்தச் சிவந்த வாய்தான் என்று அப்பா பிற்பாடு சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் வெற்றிலை போடக் கூடாது. அங்கே தலைமையாசிரியையாக இருந்த கன்னியாஸ்திரீயை எல்லோரும் மதர் என்பார்கள், கண்டிப்பானவர். அதற்கும் அத்தை வழி வைத்திருந்தாள். ஒரு துண்டுப் பாக்கு, கிள்ளுப் புகையிலை, பொட்டுச் சுண்ணாம்பு. மூன்றையும் இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டு, மெல்லாமல், அசைக்காமல், மணி அடிக்கிற வரைக்கும் பாடம் நடத்துவாள். வாயில் ஒன்று இருப்பதே வெளியே தெரியாது. எனக்குக்கூட அந்த வித்தையைக் காட்டியிருக்கிறாள், "எந்தக் கன்னம், சொல்லு பாப்போம்" என்று. நான் எப்போதும் வலது என்று சொல்லித் தோற்பேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்த அந்த வருஷம் ஆடியில் அம்மா முழுகாமல் இருந்தாள். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் அம்மாவுக்குத் தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை வீட்டில் எல்லோரும் மெதுவாகவே நடந்தோம், மெதுவாகவே பேசினோம். காலண்டரில் தேதி கிழிப்பதைக்கூட அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டாள், தன் கை ராசியில்லை என்று.

ஆடிப்பெருக்கன்று முக்கொம்புக்குப் போனோம். காவேரி நுரைத்துக்கொண்டு போனது. எதிர்வீட்டு மாமியும் எங்களோடு வந்திருந்தாள். அவள் கொண்டுவந்த புளியோதரைக்கு அத்தை அடிமை, வறுத்த மிளகாயைத் தேடித் தேடித் தின்பாள். அன்றைக்கு ஒரு வாய் வைத்தாள். உடனே கண்ணில் தண்ணீர் முட்டியது. எழுந்துபோய்த் துப்பிவிட்டு, ஆற்றுத் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். பிறகு தயிர்ச்சாதத்தை மட்டும், ஊறுகாய்கூடத் தொடாமல், பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள்.

"என்ன, காரத்தை விட்டாச்சா?" என்றாள் மாமி.

"ஆமா, விட்டுட்டேன்" என்றாள் அத்தை சும்மா.

மாமி, அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். உடனே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "வேண்டுதலா? நான் கேக்கப்படாது, நீயும் சொல்லப்படாது. வாய்விட்டுச் சொன்னா பலிக்காதும்பா. பெருமாள் பாத்துப்பர்."

எங்கள் ஊரில் இது புதிதில்லை, உங்களுக்கே தெரியும். உப்பை விடுவார்கள், செருப்பை விடுவார்கள், புரட்டாசிக்குத் தலைமுடியையே விடுவார்கள். எதற்கு என்று கேட்பது அநாகரிகம். கேட்டால் வேண்டுதல் கெட்டுவிடும் என்று பயம். அத்தை என்னவோ சொல்ல வந்தாள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குள் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்காகவா அண்ணி?" என்றாள். அம்மாவின் முகத்தை அத்தை பார்த்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், மீதித் தயிர்ச்சாதத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினாள்.

மறுநாளிலிருந்து அத்தைக்குத் தனிப் பாத்திரம். மிளகாய்க் கரண்டி அதில் பட்டுவிடக் கூடாது. அம்மா மசக்கையோடு எழுந்து அவளுக்கென்று மிளகாய் இல்லாத கூட்டு வைப்பாள். எங்கள் வீட்டில் அம்மா சந்தோஷமாகச் சமைத்து நான் பார்த்தது அந்த மாதங்களில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். அப்பாவின் டார்ச் லைட்டைக் கையில் கொடுத்து, "வாய்க்குள்ள அடிச்சுப் பாரு. இடது பக்கம். என்ன தெரியுது?" என்றாள்.

சுவரில் சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. அப்படியே சொன்னேன்.

அத்தை விரலைவிட்டுச் சுரண்டினாள். வரவில்லை. "சுண்ணாம்புதான் சுட்டிருக்கு" என்றாள். வெற்றிலை போடுகிற வீடுகளில் வாய்க்குள் எது வெள்ளையாக இருந்தாலும் அதற்கு ஒரே பேர்தான். சுண்ணாம்பு பட்டால் தோல் வெந்துபோகும், நாலு நாளில் உரிந்து சரியாகும், இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாலு நாளில் உரியாதது வேறு என்று யாருக்கும் தெரியாது. அத்தை கடைக்காரரைத் திட்டினாள், சுண்ணாம்பை மாற்றினாள், தேங்காயெண்ணெய் வைத்துக் கொப்பளித்தாள், மணத்தக்காளிக் கீரை தின்றாள். அதக்குவதை வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். பாக்கை மட்டும் விடவில்லை. குற்றவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை அது.

"அப்ப நீங்க வேண்டிக்கலையா அத்தை?" என்று கேட்டேன்.

"எரியுதுடி, அதான் காரம் திங்கல. உங்கம்மா அப்படி நினைச்சுட்டா. நினைச்சுக்கட்டும், அவளுக்கு இப்ப அது வேணும். புள்ளை பொறக்கட்டும், அப்புறம் போய் டாக்டர்கிட்ட காட்டிக்கறேன்." டார்ச்சை வாங்கி அணைத்துவிட்டு, "நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. ஒவ்வொரு வருஷமும் எனக்காக அத்தை ஒரு விளையாட்டுக் காட்டுவாள். முழுக் கொழுக்கட்டையை அப்படியே வாயில் போட்டு, இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு, பிள்ளையார் மாதிரி கண்ணை உருட்டுவாள். அந்த வருஷமும் நான் ஒன்றை எடுத்து நீட்டினேன். வாயருகே கொண்டுபோனாள். பல்லில் இடித்தது. சாய்த்துப் பார்த்தாள், மறுபடியும் இடித்தது. அப்புறம் விண்டு விண்டு சாப்பிட்டாள். "வயசாயிடுச்சுடி" என்றாள். நாற்பதைக்கூடத் தொடாதவள்.

அன்றைக்கு நான் பயந்துபோய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அத்தைக்கு வாய் திறக்கவில்லை, உள்ளே வெள்ளையாக இருக்கிறது, அவள் வேண்டிக்கொள்ளவே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "வேண்டுதலை வாயால கெடுக்காத. இன்னொரு தடவை இந்தப் பேச்சு பேசினா தோலை உரிச்சிடுவேன்." அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள், மூன்றாவதைப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது. அது கயிறு இல்லை என்று ஒரு சின்னப் பெண் சொன்னால் எப்படிக் கேட்பாள்.

புரட்டாசியில் அத்தையின் பேர் தெருவெல்லாம் பரவிவிட்டது. கன்னம் விறைத்துப்போனதால் அவள் பேசுவதும் குறைந்தது. மௌன விரதமும் சேர்த்துக்கொண்டாள் என்றாள் மாமி. சனிக்கிழமைகளில் பிள்ளை இல்லாத பெண்கள் வந்து அவள் காலில் விழுந்துவிட்டுப் போனார்கள். அத்தை சுருங்கிப்போய் நிற்பாள். ஒரு தடவை அவர்கள் போன பிறகு கொல்லையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுததைப் பார்த்தேன். காது வலிக்கிறது என்றாள்.

விசாரித்தவர் மதர் ஒருவர்தான். அவருக்கு நம் வேண்டுதல் சாஸ்திரம் தெரியாது. ஒருநாள் அத்தையோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது, "டீச்சர், உங்க பேச்சு ஏன் குழறுது? ஆஸ்பத்திரிக்குப் போங்க, நான் லீவு தரேன்" என்று நேராகவே சொன்னார்.

"தை மாசம் போறேன் மதர்" என்றாள் அத்தை.

"ஏன் தை மாசம்?"

அத்தை மதரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலம் தாண்டியதும் கன்னத்தில் இருந்ததைக் கைக்குட்டையில் துப்பினாள். கொஞ்சம் ரத்தம் இருந்தது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் தம்பி பிறந்தான். தலைமுடி அடர்த்தியாக, வீடே அதிர அழுதுகொண்டு, நல்லபடியாகப் பிறந்தான். பதினோராம் நாள் புண்ணியாகவாசனத்தன்று அம்மா தன் கையாலேயே வத்தக்குழம்பு வைத்தாள், மோர்மிளகாய் வறுத்தாள். வேண்டுதலை முடித்துவைக்க வேண்டுமல்லவா. நடுக்கூடத்தில் வாழை இலை போட்டு அத்தையை உட்கார வைத்தார்கள். மாமி இருந்தாள், தெருப் பெண்கள் இருந்தார்கள்.

"காரம் சாப்பிடுங்க அண்ணி. எம்புள்ளைக்கு நீங்க விட்டது போதும்" என்று அம்மா அவளே பிசைந்து ஒரு உருண்டையை ஊட்டப் போனாள்.

அத்தை வாயைத் திறந்தாள். திறந்தது அவ்வளவுதான். அம்மாவின் விரல் நுழையவில்லை. அம்மா சிரித்துக்கொண்டே, "நல்லாத் திறங்க அண்ணி" என்றாள். அத்தை தலையை ஆட்டினாள். அம்மா குனிந்து பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் அம்மா அதுவரை பார்த்ததே இல்லை. வெள்ளை இருந்த இடத்தில் இப்போது குழி விழுந்திருந்தது. சுற்றிலும் தடித்திருந்தது. நாற்றம் அடித்தது என்று அம்மா வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னாள். உருண்டை அம்மாவின் கையிலேயே இருந்தது. குழம்பு முழங்கை வரை வழிந்தது. உள்ளே தம்பி அழுதான்.

தை பிறப்பதற்கு முன்பே மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையாம். கரண்ட் வைத்தார்கள், கதிர் சிகிச்சைக்கு அப்போது அதுதான் பேர். கன்னம் கறுத்துத் திரும்பி வந்தாள். தம்பி தவழ ஆரம்பித்ததை அவள் பார்த்தாள், நடந்ததைப் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், பிள்ளைக்கு வர இருந்ததை அவள் தன் மேல் வாங்கிக்கொண்டாள் என்றார்கள். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டாள். பாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்படித்தான் அந்த வெற்றிலைப் பெட்டி சாமி சாமானாகிவிட்டது. என் கல்யாணத்துக்கு அம்மா அதைத் தேய்த்துப் பளபளவென்று சீரில் வைத்தாள். நானும் தினம் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்து, அத்தையை நினைத்துக்கொண்டே போட்டேன். பொல்லாத பக்தி.

பல் ஆஸ்பத்திரியில் பஞ்சை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். தம்பி காரில் காத்திருந்தான். அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நிலம் வாங்கி விற்கிறான், வாயில் எப்போதும் எதையாவது அரைத்துக்கொண்டிருப்பான். தன் உயிர் அத்தை போட்ட பிச்சை என்று கேட்டு வளர்ந்தவன். ஒவ்வொரு மார்கழியிலும் பிறந்தநாளன்று காரமில்லாமல் தயிர்ச்சாதம் மட்டும் சாப்பிடுவான். அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் அன்றைக்குக் காரம் தொடக் கூடாது.

டாக்டர் சொன்னதைச் சைகையும் குழறலுமாகச் சொன்னேன். வண்டியைக் கிளப்பினான். அப்புறம், "அக்கா, ரிசல்ட் நல்லா வர்ற வரைக்கும் நான் காரம் சாப்பிடப் போறதில்ல" என்றான். "கொஞ்ச நாளா சாம்பார் பட்டாலே எனக்கும் வாய் எரியுது. ரசம்கூட ஆகமாட்டேங்குது. சாமியே இதை விடச் சொல்றாருன்னு தோணுது. அத்தை எனக்காக விட்டாங்க. நான் உனக்காக விடறேன்."

அதுவரை மரத்துக் கிடந்தது எல்லாம் ஒரே நொடியில் விழித்துக்கொண்டது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"ஓரமா நிறுத்து" என்றேன். நாக்கு புரளவில்லை, சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவன் நிறுத்தினான். கியர் பக்கத்தில் கத்தரித்த பாக்குப் பொட்டலங்கள் கிடந்தன.

"அது வேண்டுதல் இல்லடா. அத்தைக்கு வாய் எரிஞ்சுது. உன்னை மாதிரியே. அவ்வளவுதான். அம்மா தப்பா நினைச்சுட்டாங்க. அத்தை அம்மாவுக்காகச் சொல்லாம இருந்துட்டா."

ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்குப் புரிய நேரமாயிற்று. ஐம்பது வருஷமாகக் கும்பிட்டதை ஒருத்தி எச்சில் வழியச் சொன்னால் யாருக்குத்தான் உடனே புரியும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தான்.

"வாயில இருக்கறதைத் துப்பு" என்றேன்.

கதவைத் திறந்து துப்பினான்.

"மூணு விரலைச் சேத்து வாய்க்குள்ள வை. நெட்டுக்குத்தலா."

சின்னப் பிள்ளை மாதிரி வைத்தான். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது பல்லில் இடித்தது. சாய்த்துப் பார்த்தான், மறுபடியும் இடித்தது.

"வயசாயிடுச்சுக்கா" என்றான்.

"வண்டியைத் திருப்பு" என்றேன். இந்தத் தடவை தெளிவாகவே வந்தது.